ஐந்தடிப் பாதையும் அங்காடிக்காரரும்: தெரு யாருக்குச் சொந்தம்?



சிங்கப்பூரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும்போது நாம் தவறாமல் சொல்லும் கதைகளுள் ஒன்று, தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்ட கதை. ஒரு பக்கத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம்: தள்ளுவண்டிகள், வாளித் தண்ணீரில் கழுவப்படும் தட்டுகள், கழிவு தேங்கி நிற்கும் சாக்கடை. மறுபக்கத்தில் வண்ணப் படம்: கூரையும் குழாய்த் தண்ணீரும் மின்விசிறியும் உள்ள நிலையம். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் மாணவர் மனத்தில் எஞ்சுவது ஒன்றுதான்: முன்பு அழுக்கு, பின்பு தூய்மை.

இது பொய்யன்று. ஆயினும் அப்படங்கள் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய கேள்வி விடுபட்டுப் போகிறது. பொதுத் தெருவில் பிழைப்பு நடத்தும் ஓர் ஏழையை அங்கிருந்து எழுப்பும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வருகிறது? அவ்வுரிமை உண்டெனில், எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனைப் பயன்படுத்துவது நியாயமாகும்? வரலாற்றைக் கற்பிக்கும் நாம் இதனைக் கேட்காமல் விட்டால், 'ஏழை இடைஞ்சலானவன். அவனை அகற்றினால் நகரம் அழகாகும்' என்னும் பாடத்தையே நம்மை அறியாமல் கற்பித்தவர்களாவோம்.

என் கருத்தை முன்கூட்டியே கூறிவிடுகிறேன். பொதுவிடத்தில் நடக்கும் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது தவறாகாது. ஆனால் அக்கட்டுப்பாடு அறமாவதும் அறமற்றதாவதும், எதனை முதலில் செய்தோம், எதனை அடுத்துச் செய்தோம் என்னும் வரிசையைப் பொறுத்தே அமைகிறது. சிங்கப்பூரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று.

சொல்லுக்குள் இருக்கும் வரலாறு

தமிழாசிரியன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'ஹாக்கர்' என்பவரை நாம் அங்காடிக்காரர் என்கிறோம். 'ஹாக்கர் சென்டர்' நமக்கு உணவங்காடி நிலையம். மலேசியத் தமிழர் சாலையோரக் கடையை ஒட்டுக்கடை என்றும் வழங்குவர். 'அங்காடி' புதிதாகப் படைக்கப்பட்ட சொல்லன்று. மதுரையின் பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி அமைந்திருந்தது. ஆக, வியாபாரத்திற்கென்று நகரின் நடுவே பொதுவிடம் ஒதுக்கும் வழக்கம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று.

அதே சிலப்பதிகாரம் வேறொரு கூட்டத்தாரையும் காட்டுகிறது. மருவூர்ப்பாக்கத்து வீதிகளில் வண்ணக்குழம்பும் சுண்ணப்பொடியும் சந்தனமும் பூவும் விற்றுத் திரிந்தவர்கள் அவர்கள். இளங்கோவடிகள் அவர்களுக்கு இட்ட பெயர் 'பகர்வனர்'. பகர்தல் என்றால் சொல்லுதல். விற்றல் என்றும் பொருள். கூவிச் சொல்வதும் விற்பதும் அவர்களுக்கு ஒரே செயல்.

அங்காடியில் அமர்ந்து விற்பவர் ஒருவர். வீதியில் திரிந்து பகர்பவர் மற்றொருவர். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

1822 முதல் 1888 வரை: ஐந்தடியின் வழக்கு

1822ஆம் ஆண்டு நவம்பரில், ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் தாம் அமைத்த நகரக் குழுவிற்குச் சில உத்தரவுகளை வழங்கினார். கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் முன்புறத்திலும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விடப்பட வேண்டும். தெருவின் இரு மருங்கிலும் அது தொடர்ச்சியான, கூரையுள்ள நடைபாதையாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டும் ஊரில் நடந்து செல்வோருக்கு அது பெரிய உதவி. ஐந்தடி என்ற அளவு அவ்வுத்தரவில் இல்லை. பின்னாளில் நிலைத்த பெயர் அது. மலாயில் 'காக்கி லீமா'. நம்மவர் பேச்சில் 'அஞ்சடி'.

இப்பாதையின் இயல்பே சிக்கலானது. நிலம் கட்டட உரிமையாளருடையது. அதில் நடக்கும் உரிமை ஊராருடையது. இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவராக வந்து அமர்ந்தார் சிறுவியாபாரி. முடி திருத்துவோர், செருப்புத் தைப்போர், கடிதம் எழுதித் தருவோர் எனப் பலர் அங்கே தொழில் நடத்தினர். சிராங்கூன் சாலைப் பகுதியில் பூமாலை தொடுப்போரும் வெற்றிலை பாக்கு விற்போரும் கிளி சோதிடரும் அந்நிழலில் இடம்பிடித்தனர். கடைக்காரர்களும் தங்கள் மூட்டைகளையும் பெட்டிகளையும் ஐந்தடியில் அடுக்கினர். நடப்பவர் சாலையில் இறங்கினார். சாலையிலோ மாட்டு வண்டிகள், குதிரை வண்டிகள், 1880ஆம் ஆண்டு முதல் ரிக்‌ஷாக்கள்.

1887ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம், ஐந்தடிகளிலுள்ள தடைகளை அகற்றும் அதிகாரத்தை நகராண்மைக்கு அளித்தது. தலைவராக இருந்த டாக்டர் ரோவெல் அதனை உறுதியுடன் நடைமுறைப்படுத்த முனைந்தார். 1888 பிப்ரவரியில் அகற்றும் பணி தொடங்கியதும் கடைக்காரர்கள் கதவடைத்தனர். தெருக்களில் கலவரம் மூண்டது. டிராம் வண்டிகள் மீது கற்கள் வீசப்பட்டன. 'தாழ்வாரக் கலவரம்' என்று வரலாற்றில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இதுவே. சில நாள்களில் அது தணிந்தது. ஆட்கள் நடந்து செல்லப் போதிய வழி விட்டால் போதும், முழுவதையும் காலி செய்ய வேண்டியதில்லை என்ற சமரசமே இறுதியில் நிலைத்தது.

இவ்வழக்கில் எந்தத் தரப்பும் முற்றிலும் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடப்பவரும் பெரும்பாலும் ஏழையே. வண்டி வைத்திருப்பவர் ஐந்தடியில் நடப்பதில்லை. கைக்குழந்தையோடு செல்லும் தாயும், கோலூன்றிச் செல்லும் முதியவரும், பார்வையற்றவரும் அப்பாதையை நம்பியவர்கள். ஆகவே 'ஏழையின் பிழைப்பு' என்ற ஒரு சொல்லால் நடைபாதையை முழுவதும் அடைத்துக்கொள்ள முடியாது. அதேவேளை, நடப்பதற்கு வழியிருக்கும்போது, எஞ்சிய இடத்தில் ஒருவர் கூடை வைப்பதைக் குற்றமாகக் கருதவும் முடியாது. அந்தச் சமரசத்தில் ஒரு நியாயம் இருந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. சமரசத்தை வென்றெடுத்தவர்கள் கடைக்காரர்கள். அடைத்து எதிர்ப்பைக் காட்டுவதற்கு அவர்களிடம் கதவுகள் இருந்தன. தலைச்சுமையாக விற்றுத் திரிந்தவருக்குக் கதவே கிடையாது. அவர் சார்பில் பேசுவதற்கு எவரும் அந்தப் பேச்சு மேசையில் இல்லை.

1950: தொல்லையா, தொழிலா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிமங்களும் பதிவுகளும் வந்தன. 1920களிலும் 1930களிலும் நகராண்மை அங்காடிக்காரர்களுக்கென்று சில கூரைக் கொட்டகைகளை அமைத்தது. ஆனால் வியாபாரிகளின் தொகையோடு ஒப்பிட்டால் அவை மிகச் சொற்பம். ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின், வேலையிழந்தோரும் வேலை கிடைக்காதோரும் தெருவையே நாடினர். ஒரு அடுப்பும் ஒரு கூடையும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம் என்ற நிலை.

1950ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆளுநர் ஃபிராங்ளின் கிம்சன் ஒரு விசாரணை ஆணையத்தை நியமித்தார். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் சில்காக் அதன் தலைவர். அவ்வாண்டே வெளிவந்த அதன் அறிக்கை, அதிகாரிகளின் மனப்போக்கையே முதலில் கேள்விக்குட்படுத்தியது எனலாம். அங்காடிக்காரர் என்றாலே தெருவிலிருந்து அகற்றப்பட வேண்டிய பொதுத் தொல்லை என்று எண்ணும் பழக்கம் அதிகாரிகளிடையே இருப்பதை அது சுட்டிக்காட்டியது. அதுவரை சுகாதாரப் பிரச்சினையாகவும் போக்குவரத்துப் பிரச்சினையாகவும் மட்டுமே பேசப்பட்ட ஒன்று, பிழைப்பையும் பொருளாதாரத்தையும் சார்ந்த கேள்வியாகவும் நோக்கப்பட்டது.

அந்நோக்கு ஏன் சரியானது என்பதை நம் குடும்ப வரலாறே விளக்கும். துறைமுகத்திலும் நகராண்மையிலும் உழைத்த நம் முன்னோரில் பலர் தனியாட்களாக வந்தவர்கள். கடைவீடுகளின் மேல்மாடியில், தடுப்புப் பலகைகளால் பிரிக்கப்பட்ட சிற்றறைகளில், பலரோடு தங்கியவர்கள். அங்கே சமைக்க இடமேது? தெருவில் கிடைத்த மீ கோரெங்கும் தோசையும் தே தாரிக்கும் அவர்களுக்கு வாய் ருசிக்கான பண்டங்களாக இருக்கவில்லை. அன்றாடச் சோறாக இருந்தன. அங்காடிக்காரர்தாம் அந்நகரத்து உழைப்பாளர்களின் சமையலறை. அவரை அகற்றினால் அவர் குடும்பம் மட்டுமன்றி, அவரிடம் உண்பவரும் பட்டினி கிடப்பர்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரே வாளியில் நாள் முழுதும் தட்டு கழுவினால் டைஃபாய்டும் காலராவும் பரவும். எண்ணெயும் எச்சிலும் வடிகாலில் கலந்து ஆற்றைச் சேரும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் தீப்பிடித்தால் உயிர் போகும். உரிமமற்ற தெரு சுதந்திரமானது என்று நினைப்பதும் பிழை. இரகசியச் சங்கத்துக் குண்டர்கள் அங்காடிக்காரர்களிடம் 'பாதுகாப்புப் பணம்' வசூலித்தனர். சட்டம் விலகி நின்ற இடத்தில் வலியவன் வாடகை வாங்கினான்.

அதிகாரியின் வருகையோ வேறுவித அச்சம். ஹொக்கியன் பேசிய வியாபாரிகள் அமலாக்க அதிகாரிகளைத் 'தே கூ' என்றனர். 'நிலத்து மாடு' என்பது அதன் நேர்ப்பொருள். தெருமுனையில் அச்சொல் ஒலித்த மாத்திரத்தில் வண்டிகள் சிதறி ஓடும். அகப்பட்டவரின் பொருள்கள் பறிமுதலாகும். மறுநாள் அவரே கடன் வாங்கி அதே இடத்துக்குத் திரும்புவார். திரும்பாமல் என்ன செய்வார்? போக வேறிடம் காட்டாமல் விரட்டுவது, ஒருவரைத் தண்டிப்பதில் வெற்றி பெறலாம். தெருவைச் சீராக்குவதில் ஒருநாளும் வெற்றி பெறாது. பல ஆண்டுகள் நடந்த இந்த ஓட்டமும் துரத்தலும் அதனை மெய்ப்பித்தன.

1968 முதல் 1986 வரை: எண்ணிக்கை முதலில், இடம் அடுத்து, அகற்றல் இறுதியில்

1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது வேலையின்மை கடுமையாக இருந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் செய்தியும் சேர்ந்துகொண்டது. படைத்தளங்களை நம்பிப் பிழைத்தோர் பலர். அச்சூழலில் அங்காடிக்காரர்கள் அனைவரையும் விரட்டியிருந்தால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கும். இருக்கும் நடுத்தெருவையும் இழந்திருக்கும் என்று சொல்வதே பொருத்தம்.

1968ஆம் ஆண்டில் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபரில் 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கம் தொடங்கியது. இவற்றோடு, 1968–1969இல் நாடு தழுவிய பதிவு நடந்தது. சுமார் 18,000 தெருவோர அங்காடிக்காரர்கள் பதிவு செய்யப்பட்டனர். பதிவானவர்களுக்குத் தற்காலிக உரிமம் கிடைத்தது. முதன்மைச் சாலைகளிலிருந்து பக்கச் சந்துகளுக்கும் கார் நிறுத்துமிடங்களுக்கும் அவர்கள் மாற்றப்பட்டனர். 1971 முதல் 1986 வரை, தண்ணீரும் மின்சாரமும் கழிவு அகற்றும் வசதியும் கொண்ட நிலையங்கள் தீவெங்கும் கட்டப்பட்டன. அவற்றில் அவர்களுக்குச் சலுகை வாடகையில் கடைகள் ஒதுக்கப்பட்டன.

தேக்காவை நாம் அறிவோம். பழைய சந்தைக்குப் பதிலாகச் சாலையின் மறுபுறத்தில் எழுந்த கட்டடம் 1982இல் 'சூஜியாவ்' நிலையமாகத் திறக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் 'தேக்கா நிலையம்' என்ற பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. சைனாடவுன் தெருக்களின் வியாபாரிகள் 1983இல் கிரேத்தா ஆயர் கட்டடத்துக்குச் சென்றனர். 1977இல் பிரதமர் லீ குவான் யூ சிங்கப்பூர் ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். 1987இல் நிறைவுற்ற அப்பணியில் சுமார் 5,000 அங்காடிக்காரர்கள் இடம் மாறினர்.

இவ்வரிசையை உற்று நோக்குங்கள். முதலில் எண்ணினார்கள். அடுத்து, இருப்பதற்கு அனுமதி கொடுத்தார்கள். பின்னர் இடம் கட்டினார்கள். அதன்பின்னரே தெருவை மூடினார்கள். பதிவு தொடங்கியதிலிருந்து இறுதி அங்காடிக்காரர் தெருவை விட்டு அகன்றது வரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் கடந்தன. அன்றைய நிருவாகம் ஆமை வேகத்தில் நகர்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. மனிதர்களை இடம் பெயர்க்க அவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளின் இரண்டாம் தொகுதியில் (2000) இதுபற்றி எழுதியுள்ளார். போதிய வேலைவாய்ப்புகள் உருவான பின்னரே, 1971க்குப் பிறகே, சட்டத்தை நடைமுறைப்படுத்தித் தெருக்களை மீட்க முடிந்தது என்பது அவர் கூற்றின் சாரம். மக்கள் நினைவில் மிகவும் கண்டிப்பானவராகப் பதிந்துள்ள தலைவர் ஒருவரே, மாற்று வழி இல்லாத வரையில் கண்டிப்புக்கு இடமில்லை என்பதை உணர்ந்திருந்தார். நம் மாணவர்கள் அறிய வேண்டியது இப்பகுதியைத்தான். பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் இடையே தொழிற்சாலைகள் இருந்தன, வீவக வீடுகள் இருந்தன, பெயர்ப் பதிவேடுகள் இருந்தன.

கணக்கில் வராதவை

இவ்வளவும் சொன்னபின், இழப்புகளையும் சொல்வது ஓர் ஆசிரியரின் கடமை.

உயர்நிலை மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தும்போது வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரிப்பது என் வழக்கம்: நடப்பவர், விற்பவர், சுகாதார அதிகாரி. ஒருமுறை விற்பவர் குழுவில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, பெயர் பதியும் நாள்களில் காய்ச்சலாகப் படுத்திருந்தவர் என்ன ஆவார்?" அதிகாரிகள் குழு மௌனமாகிவிட்டது. பட்டியல் தயாரிக்கும் எந்த நிருவாகமும் பட்டியலுக்கு வெளியே சிலரை உருவாக்கிவிடுகிறது. முன்தினம் வரை தெருவில் எல்லாரும் ஒரே நிலையினர். பதிவுக்குப் பின் ஒருவர் உரிமம் பெற்றவர், மற்றவர் சட்ட விரோதி. அச்சிறுமியின் கேள்வி, மேல்முறையீட்டுக்கு வழி வைக்காத பட்டியல் அறமாகாது என்பதை எனக்கு எந்த நூலைக் காட்டிலும் தெளிவாக உணர்த்திற்று.

இரண்டாவது, பகர்வனரின் நிலை. தலையில் தட்டோடு நடந்த கச்சாங் பூத்தே வியாபாரியை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நம்மவர் செய்த தொழில் அது. கடலை, பட்டாணி, முறுக்கு வகைகளைப் பழைய தாள்களைச் சுருட்டிய கூம்பில் அளந்து தருவார். திரையரங்கு வாயிலும் பள்ளி வாயிலும் அவருடைய சந்தைகள். அவருக்கு நிலையத்தில் ஒரு கடை கொடுத்தால் அது உதவியாகுமா? மீ சமைப்பவரைத் தேடி ஆள் வருவார். கடலை விற்பவர்தாம் ஆளைத் தேடிப் போக வேண்டும். மூங்கில் தட்டி ஓசை எழுப்பியவாறு வீடு வீடாகச் சென்று மீ விற்றவர்களின் நிலையும் அதுவே. எல்லாருக்கும் ஒரே அளவில் கடை கொடுப்பது பார்வைக்குச் சமநீதி. நடையையே முதலாகக் கொண்டவருக்கு அது தொழிலின் முடிவு. அங்காடிக்கு இடம் கிடைத்த நகரில் பகர்வனருக்கு இடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது, ஏணியின் கீழ்ப்படி. கணவனை இழந்த ஒரு பெண், மறுநாள் காலையில் ஒரு பானையோடு தெருமுனையில் அமர்ந்து பிள்ளைகளை வளர்த்துவிட முடிந்த காலம் அது. அவ்வழி மூடப்பட்டது. புதிய நிலையங்கள் கட்டுவது 1980களின் நடுவில் நின்று, 2011இல்தான் மீண்டும் தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. இன்று காலியாகும் கடைகளை ஏலக் குத்தகையில் எடுக்க வேண்டியுள்ளது. 2024இல் மரின் பரேட் நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கும் அதிகமான குத்தகைத் தொகை கேட்கப்பட்டது செய்தியாயிற்று. அது விதிவிலக்கு; பெரும்பாலான கடைகளுக்கு அதனினும் வெகு குறைவே. ஆயினும் வெறுங்கையோடு தொடங்கக்கூடிய தொழிலாக அது இப்போது இல்லை. அங்காடிக்காரர்களில் பாதிப்பேர் ஏறத்தாழ அறுபது வயதையோ அதற்கு மேலோ எட்டிவிட்டனர்.

2020 டிசம்பர் 16ஆம் நாள், சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். 1950இல் 'தொல்லை' என்று எண்ணப்பட்டது எழுபது ஆண்டுகளில் 'மரபுடைமை' ஆயிற்று. நாசி பிரியாணியும் ரோஜாக்கும் லக்சாவும் அதே சுவையோடுதான் இருந்தன. பார்த்த கண்கள் மாறின. இன்று நாம் தொல்லையென்று ஒதுக்குவதில் எது நாளைய பெருமையாகும் என்பதை யாரறிவார்? அவசரப்பட்டு அழிப்பதற்கு எதிராக இதைக் காட்டிலும் வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

இன்று நம் முன் இருப்பது

இவையெல்லாம் முடிந்த கதை என்று எண்ண வேண்டா. பஃபலோ சாலையில் ஐந்தடியை நெருக்கும் காய்கறிக் கூடைகளைப் பாருங்கள். 1888இன் வழக்கு இன்னும் நடக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அங்கே வழி வேண்டும். கடைக்காரருக்கு வியாபாரம் வேண்டும். மலேசியாவிலும் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஐந்தடியை அடைப்பதைத் தடுக்கிறது; சாலையோரக் கடைகளுக்கு ஊராட்சி மன்றங்கள் உரிமம் வழங்குகின்றன. உணவங்காடி நிலையங்களின் மேசைகளுக்கிடையே தாள் கைக்குட்டைப் பொட்டலங்களை விற்றுச் செல்லும் முதியவர்களையும் நாம் காண்கிறோம். உரிமமின்றி விற்றால் சட்டத்தின் பார்வையில் அதுவும் அனுமதியற்ற வியாபாரமே. பகர்வனரின் கடைசித் தலைமுறை அவர்கள்.

பொதுவிடத்தில் ஒருவரை விற்காதே என்று தடுப்பதற்கு முன்னர், நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அவரால் யாருக்கு, என்ன இடையூறு என்பதை அளந்து சொல்ல முடிகிறதா, அல்லது காண்பதற்கு அழகாயில்லை என்பது மட்டும்தான் குறையா? அவ்விடையூற்றைத் தண்ணீர்க் குழாய், நேர வரம்பு, கோடு போட்ட எல்லை ஆகியவற்றால் தீர்க்க முடியாதா? எழுப்பித்தான் ஆக வேண்டுமெனில், அவர் தொழிலுக்கு ஏற்ற இடம் தயாராகிவிட்டதா? விடுபட்டவர் முறையிடுவதற்கு ஒரு வாசல் இருக்கிறதா? நான்குக்கும் நேர்மையான விடை கிடைத்தபின் கட்டுப்படுத்தினால், அதனை அடக்குமுறை என்று நான் சொல்ல மாட்டேன். விடை கிடைக்காமல் கட்டுப்படுத்தினால், எவ்வளவு தூய்மையான தெருவானாலும் அதில் ஒரு கறை இருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'படிக்காவிட்டால் கடலை விற்கத்தான் போவாய்' என்று பிள்ளைகளை மிரட்டுவது நம் வீடுகளில் பழகிப்போன பேச்சு. கடலை விற்ற காசில் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் நம் சமூகத்தில் எத்தனையோ பேர். அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். அதற்கு மாறாக, வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை அமரச் செய்து, அவர்கள் சிறுவயதில் யாரிடம் என்ன வாங்கினார்கள், எந்தத் தெருவில், என்ன விலைக்கு, அவ்வியாபாரி என்ன சொல்லிக் கூவுவார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கடைகளுக்காவது ஆவணங்கள் இருக்கின்றன. திரிந்து விற்றவர்களின் குரலுக்கு ஆவணம் முதியோரின் நினைவு மட்டுமே. அதுவும் நெடுநாள் காத்திராது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை அவ்விரு படங்களையும் வகுப்பில் காட்டும்போது, நடுவிலுள்ள 18 ஆண்டுகளையும் ஒரு பாடவேளை பேசுங்கள். உங்கள் மாணவர்கள் கேட்கும் கேள்விகளை எனக்கும் எழுதித் தெரிவியுங்கள்.